'எதிர்' என்னும் சொல்: எதிரியும் எதிர்காலமும் ஒரே வேரில் நிற்பது எப்படி?

ஈசூன் வாசகி எழுதியது:

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வட்டாரக் குடியிருப்பாளர் குழு வெளியிடும் தமிழ் அறிவிப்புகளைத் திருத்திக் கொடுக்கும் பணியில், அடிக்கடி என்னை நின்று யோசிக்க வைக்கும் சொல் 'எதிர்'. எதிரி, எதிர்ப்பு, எதிர்க்கட்சி, எதிர்வாதம் என்று பிணக்கைச் சொல்லும் சொற்கள் எல்லாம் அதிலிருந்து கிளைக்கின்றன. அதே வேரிலிருந்துதான் எதிர்காலம், எதிர்பார்ப்பு, எதிர்கொள்ளுதல் என்று பிணக்கின் சாயலே இல்லாத சொற்களும் பிறந்திருக்கின்றன. நம் புளோக்கில் எதிர்வீட்டுக்காரர் என்று ஒருவரைச் சொன்னால், அவர் நமக்கு எதிரி என்று யாரும் பொருள்கொள்வதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தோடு முகம் பார்க்க நிற்பது என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். பகை என்பது அதன்மேல் பிற்பாடு வந்து படிந்த பொருள் என்று நினைக்கிறேன். செய்தியிலும் மேடையிலும் சமூக ஊடகத்திலும் 'எதிர்' என்றாலே பகை என்று ஆகிவருவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. இதற்கு இலக்கியச் சான்றும் இலக்கணச் சான்றும் அறிந்தவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'எதிர்க்கட்சி' என்பதில் ஒற்று மிகுவதும் 'எதிர்காலம்' என்பதில் மிகாமல் இருப்பதும் ஏன் என்பதையும், எதற்கெடுத்தாலும் 'எதிராக' என்று எழுதும் இன்றைய பழக்கம் சரிதானா என்பதையும் சேர்த்தே பேசலாம்.

தெம்பனிஸ் தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் கருத்துக்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. காலத்தைக் குறிக்கும் வழக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் இச்சொல்லின் பழைய உருவம் கலப்பில்லாமல் தெரிகிறது. தொல்காப்பியர் வினையியலில் மூன்று காலங்களையும் 'இறப்பின் நிகழ்வின் எதிர்வின்' என்று பெயரிட்டுச் சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் 'இறப்பு எதிர்வு நிகழ்வு எனக் காலம் மூன்றே' என்கிறார். இறந்தது நம்மைக் கடந்து போனது. நிகழ்வது நம்மோடு நிற்பது. எதிர்வது நம் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருப்பது. திருவள்ளுவர் 'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்' (429) என்று பாடும்போதும், வரப்போவதை முன்கூட்டிக் கண்டு காத்துக்கொள்ளுதல் என்பதே பொருள். இவ்விடங்களில் பகைவன் ஒருவனும் இல்லை.

இங்கே 'முன்' என்ற சொல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 'முன்' என்பதும் இடத்தால் நம் முகப் பக்கத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் காலத்துக்கு வந்தவுடன் முன்பு, முன்னோர், முன்னாள் என்று கடந்ததைக் குறிக்கத் திரும்பிவிடுகிறது. இடத்தால் ஒரே பக்கத்தில் இருக்கும் இரு சொற்கள் காலத்தால் நேர்மாறாகப் பிரிகின்றன. வரிசையில் நமக்கு முன் நடப்பவர் நம்மைவிட முந்தி அவ்விடத்தைக் கடந்தவர். ஆகவே முன் என்பது கடந்த காலத்துக்குப் பெயரானது. நம்மை நோக்கி நடந்து வருபவர் இனிமேல்தான் நம்மை அடைவார். ஆகவே எதிர் என்பது வருங்காலத்துக்குப் பெயரானது. இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு நடக்கும் திசையில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எதிர் என்பதன் உயிர்நிலை 'நம்மை நோக்கி வருதல்' என்பது விளங்கிவிடும்.

இன்னொரு சான்றும் உண்டு. பழந்தமிழில் இவ்வினை இரண்டு வகையாக நடந்தது. 'எதிர்தல்' என்பது மெல்வினை. எதிர்ந்தான் என்று வரும். 'எதிர்த்தல்' என்பது வல்வினை. எதிர்த்தான் என்று வரும். சேர்ந்தான், சேர்த்தான் என்ற இணையைப் போன்றது இது. எதிர்தலுக்குச் சந்தித்தல், நேர்தல், தோன்றுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள்கள் இருந்தன. புறநானூற்றின் 144ஆம் பாட்டில் பரணர், பேகனைப் பார்த்து 'கார் எதிர் கானம் பாடினேம்' என்கிறார். மழைக்காலத்தை ஏற்ற காட்டைப் பாடினோம் என்பது அதன் பொருள். அங்கே காடு மழையோடு போரிடவில்லை, அதை முகம் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. ஆனால் காலப்போக்கில் எதிர்ந்தான் என்ற வடிவம் வழக்கிலிருந்து மறைந்து, எதிர்த்தான் மட்டும் நின்றுவிட்டது. பகைப்பொருள் ஓங்கியதற்கு இந்த வினைவடிவத்தின் இழப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

நம் உறவு மொழிகளும் இதையே காட்டுகின்றன. மலையாளத்தில் 'எதிரேல்க்குக' என்றால் வரவேற்பது. தெலுங்குத் திருமணங்களில் மணமகன் வீட்டாரை வரவேற்கும் சடங்குக்கு 'எதுருகோலு' என்று பெயர். கன்னடத்தில் 'இதிர்', 'எதுரு' ஆகியவை நேர்முன்னிலையைக் குறிக்கின்றன. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றை ஒரே குடும்பமாக வைக்கிறது.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

ஆசிரியர் தந்த சான்றுகளை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு தடையைச் சொல்ல வேண்டும். வேர்ப்பொருளைக் காட்டி இன்றைய பொருளைத் திருத்த முடியாது. 'நாற்றம்' என்ற சொல் முன்பு நறுமணத்தைக் குறித்தது என்பதை நாம் எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்காக இன்று யாரையும் பார்த்து உங்களிடம் நாற்றம் வருகிறது என்று பாராட்டாகச் சொல்ல முடியுமா? மக்கள் 'எதிர்' என்பதைப் பகையாகக் கொள்ளத் தொடங்கிவிட்டால், அதுவே அதன் பொருள்.

என் துறையில் இச்சொல் பகையே இல்லாமல் பணியாற்றுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்மின்னி (எலக்ட்ரான்), எதிர்மின்வாய் (கேத்தோடு) என்பவை நேர்மின்னி (புரோட்டான்), நேர்மின்வாய் (ஆனோடு) என்பவற்றின் மறுபக்கங்கள் மட்டுமே. ஒன்றையொன்று வெறுப்பவை அல்ல. ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்ற இயக்க விதியும் அப்படித்தான். ஆனால் மின்னோட்டத்துக்கு இடையூறாக நிற்கும் பண்புக்குத் தமிழில் 'மின்தடை' என்று பெயர் வைத்தார்கள். அங்கே 'எதிர்ப்பு' என்ற சொல்லைத் தொடவில்லை. உடல்நலத் துறையிலோ அதே கருத்துக்கு 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று எழுதினார்கள். இதன் விளைவாக, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியைப் பற்றி எழுதும்போது 'எதிர்ப்பு மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி' என்று எழுதி, எது எதை எதிர்க்கிறது என்று வாசகர் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. 'மருந்துக்கு மடங்காத கிருமி' என்று எழுதினால் முதியவர்களுக்கும் உடனே புரியும்.

தெம்பனிஸ் தமிழாசிரியர் எழுதியது:

'நாற்றம்' நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் இங்கே பொருந்தாது. நாற்றத்தின் பழைய பொருள் பேச்சு வழக்கில் இறந்துவிட்டது. 'எதிர்' என்பதன் பழைய பொருளோ இன்றைக்கும் நம் வாயில் உயிரோடு இருக்கிறது. எதிர்காலம், எதிர்பார்க்கிறேன், எதிரே நிற்கிறார், 'எதுத்தாப்புல கடை இருக்கு' என்பவற்றைச் சொல்லாமல் ஒரு நாளும் கழிவதில்லை. இரண்டு பொருளும் அருகருகே வாழும்போது, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட்டது என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை.

பிடோக் புறத்திணை ஆர்வலர் எழுதியது:

எதிரியைக் குறிக்கப் பழந்தமிழர் எந்தெந்தச் சொற்களை வைத்திருந்தார்கள் என்று பார்த்தால், வாசகி அம்மையாரின் கருத்து வேறொரு பக்கத்திலிருந்து உறுதிப்படும். ஒன்னார், ஒட்டார், நண்ணார், நள்ளார், செற்றார், தெவ்வர், மாற்றார், வட்கார், செறுநர் என்று வரிசை நீள்கிறது. இவற்றுள் பல எதிர்மறையால் அமைந்தவை என்பதைக் கவனியுங்கள். ஒன்னார் என்றால் ஒன்றாதவர். ஒட்டார் என்றால் ஒட்டாதவர். நண்ணார் என்றால் நெருங்காதவர். நள்ளார் என்றால் நட்புக் கொள்ளாதவர். பகைவன் என்பவன் நம்மோடு சேராதவன், விலகி நிற்பவன் என்ற எண்ணமே இச்சொற்களில் இருக்கிறது. 'எதிரி' என்ற சொல்லோ இதற்கு மாறாக, விலகாமல் வந்து நேரே நிற்பவன் என்று சொல்கிறது. பகையை இரு கோணத்தில் பார்த்த இரண்டு சொல்வகைகள் இவை. விலகியவனைவிட நேரே நிற்பவனோடு பேச முடியும் என்பதால், பின்னதைத்தான் நான் மேலான சொல்லாகக் கருதுகிறேன்.

போர்த்திணைகளைத் தொகுத்துச் சொல்லும் பழைய வெண்பா ஒன்றில், 'வட்கார்மேல் செல்வது வஞ்சியாம் உட்காது எதிரூன்றல் காஞ்சி' என்று வருகிறது. படையெடுத்துச் செல்வது வஞ்சி. அஞ்சாமல் எதிரே காலூன்றி நிற்பது காஞ்சி. எதிரூன்றல் என்ற சொல்லாட்சியின் அழகை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். அங்கே எதிர்ப்பவன் தாக்க வந்தவன் அல்லன். தன் மண்ணைவிட்டு நகராதவன். 'எதிர்' என்ற சொல்லுக்குள் வன்மம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, உறுதி இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மதுரையிலிருந்து வந்து உட்லண்ட்ஸில் வசிப்பவர் எழுதியது:

சித்திரைத் திருவிழாவின் 'எதிர்சேவை'யை யாரும் இன்னும் சொல்லவில்லையே. அழகர்கோயிலிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகரை, மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் எதிர்சென்று வரவேற்பார்கள். அதற்கு மறுநாள்தான் அவர் வைகையாற்றில் இறங்குவார். எங்கள் ஊரில் 'எதிர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரியவர்களுக்கு நினைவு வருவது அந்த இரவுதான். மயிலாடுதுறைப் பக்கத்தில் 'எதிர்கொள்பாடி' என்று சுந்தரர் பாடிய ஊரே இருக்கிறது. மணமகனாக வந்த இறைவனை அங்கே எதிர்கொண்டு வரவேற்றதாகத் தலபுராணம் சொல்கிறது. ஆண்டாளின் திருமணக் கனவிலும் 'சதிரிள மங்கையர் தாம்வந் தெதிர்கொள்ள' என்று வருவதை நாம் கேட்டிருக்கிறோம். சிராங்கூன் சாலைக் கோயிலில் திருமணம் நடக்கும்போது மாப்பிள்ளையை வாசலில் ஆரத்தியோடு எதிர்கொண்டு அழைக்கிறோம்.

இப்போது செய்தியில் 'சவாலை எதிர்கொள்கிறோம்', 'நெருக்கடியை எதிர்கொள்கிறோம்' என்றுதான் அதிகம் வருகிறது. விருந்தினரைக் கொள்ளும் சொல்லால் நெருக்கடியையும் கொள்கிறோம்.

ஈசூன் வாசகி எழுதியது:

எதிர்சேவையை நினைவூட்டியதற்கு மிக்க நன்றி, அண்ணன். பிடோக் நண்பர் எழுதியதைப் படித்தபின் திருக்குறளின் 'இகல்' அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 'இகலெதிர் சாய்ந்தொழுக வல்லாரை யாரே மிகலூக்கும் தன்மை யவர்' (855) என்றும், 'இகலிற் கெதிர்சாய்தல் ஆக்கம்' (858) என்றும் வள்ளுவர் சொல்கிறார். மாறுபாட்டு உணர்ச்சி நம் உள்ளத்தில் எழும்போது, அதன் முன்னே நிமிர்ந்து மல்லுக்கு நிற்காமல் சாய்ந்து கொடுப்பது ஆக்கம் தரும் என்பது கருத்து. இகல் என்பது வன்மத்தோடு கூடிய மாறுபாடு. எதிர் என்பது அதன் முன்னால் நாம் நிற்கும் நிலை. இரண்டையும் ஒரே குறளில் வைத்து, வெவ்வேறு வேலை கொடுத்திருக்கிறார். வன்மத்துக்கு இகல், செற்றம், பகை என்று தனித்தனிச் சொற்கள் அவரிடம் இருந்தன. 'எதிர்' என்பதன் தலையில் அந்தப் பாரத்தை அவர் ஏற்றவில்லை.

இதை நம் சிங்கப்பூர் நாடாளுமன்றத்துக்குப் பொருத்திப் பார்க்கிறேன். அங்கே எதிர்க்கட்சியின் முன்வரிசை நாடாளுமன்ற நாயகரின் இடப்பக்கத்தில், ஆளுங்கட்சியின் முன்வரிசையை நோக்கி அமைந்திருக்கிறது. சொல்லின் முதற்பொருளே அங்கு இருக்கையாக மாறியிருக்கிறது. 1955 முதல் 1959 வரை அன்றைய சட்டமன்றத்தில் திரு லீ குவான் இயூ எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார் என்பதை இளையர்கள் பலர் அறிவதில்லை. 1968 பொதுத் தேர்தலில் எல்லா இடங்களையும் மக்கள் செயல் கட்சியே பெற்றது. அதன்பின், 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் திரு ஜே. பி. ஜெயரத்தினம் வெற்றி பெறும்வரை எதிர்வரிசையில் ஒருவரும் இல்லை. தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களுள் அதிக வாக்கு பெற்றவர்களுக்கு இடம் தரும் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் முறை 1984இல் வந்தது. 2020 பொதுத் தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவர் என்ற பொறுப்பு முறைப்படி அறிவிக்கப்பட்டு, அதற்கென அலுவலக வசதிகளும் தரப்பட்டன. யாருக்கு வாக்களிப்பது என்பது இந்த உரையாடலுக்குரிய பொருள் அன்று. அதை இங்கே யாரும் கிளற வேண்டாம் என்று வேண்டுகிறேன். நான் சொல்ல விரும்புவது சொல்லைப் பற்றி மட்டுமே. எதிரே அமர்ந்து கேள்வி கேட்பவரை 'எதிரி' என்று மேடையில் அழைக்கும்போது, அந்த இருக்கையின் பொருளே திரிந்துபோகிறது. 'எதிர்த்தரப்பினர்' என்றோ 'எதிரணியினர்' என்றோ சொன்னால் மதிப்பும் கெடாது, மாறுபாடும் மறையாது. நம் பள்ளி மாணவர்கள் விவாத மேடையில் 'எதிரணி நண்பர்களே' என்று இயல்பாகச் சொல்கிறார்கள்.

நீதிமன்ற உரைபெயர்ப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் எழுதியது:

வாசகி அம்மா 'எதிரி' என்ற சொல்லைத் தொட்டதால் எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களிலும் இலங்கை நீதிமன்றங்களிலும் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று அழைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று ஆவணங்களில் எழுதுவார்கள். வழக்குத் தொடுத்த தரப்புக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் என்பதுதான் அங்கே பொருள்; யாருக்கோ பகைவர் என்பதன்று. ஆனால் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் அச்சொல்லைச் சொன்னால், 'நான் யாருக்கும் எதிரி இல்லையே' என்று மனம் வருந்துவார். குற்றஞ்சாட்டப்பட்டவர் என்று முழுமையாகச் சொல்வதே இங்கு பொருத்தம் என்பது என் அனுபவம். உரிமையியல் வழக்கில் வாதி, பிரதிவாதி என்ற இணை எல்லாருக்கும் புரிகிறது. எதிர்மனுதாரர் என்பதும் புரிகிறது.

'எதிர்க்கட்சி' என்ற சொல்லும் அரசியலுக்கு மட்டும் உரியதன்று. வழக்காடுபவரைக் கட்சிக்காரர் என்று சொல்கிறோம் அல்லவா? பழைய தலைமுறையினர் 'எதிர்க்கட்சி வக்கீல்' என்று சொன்னால், மறுதரப்பு வழக்கறிஞரைத்தான் குறிப்பார்கள். நீதிமன்றத்தில் இரு கட்சியும் ஒரே நீதிபதியின் முன் நின்று, ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பேசுகின்றன. நாடாளுமன்றத்து எதிர்க்கட்சியையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

ஒரு துணைச்செய்தி: பழந்தமிழில் 'கட்சி' என்றால் காடு, புகலிடம், பறவையின் கூடு என்ற பொருள்கள் உண்டு. அது வேறு சொல். அரசியல் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செய்திப் பிரதி திருத்துநர், செங்காங், எழுதியது:

'எதிராக' என்ற சொல்லின் மிகைப் பயன்பாட்டைப் பற்றி வாசகி கேட்டிருந்தார். இது நான் நாள்தோறும் போராடும் பொருள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தமிழில் ஒரு செயல் எந்தத் திசையில், எந்த வகையில் மற்றொன்றைத் தொடுகிறது என்பதைக் காட்ட வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் பலவாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'அகெய்ன்ஸ்ட்' (against) என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிற இடத்தில் நாம் இடத்துக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேராமல் எல்லா இடத்திலும் 'எதிராக', 'எதிரான' என்று போட்டு நிரப்புவதால் வாக்கியம் தமிழாக ஓடுவதில்லை. 'அமெரிக்க டாலருக்கு எதிராகச் சிங்கப்பூர் வெள்ளி வலுவடைந்தது' என்று எழுதுகிறார்கள். வெள்ளி டாலரோடு சண்டையா போட்டது? 'அமெரிக்க டாலரோடு ஒப்பிட, சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு உயர்ந்தது' என்றால் கணக்கு தெளிவாகிறது. 'அவருக்கு எதிராக வழக்குப் பதிவு செய்யப்பட்டது' என்பதைவிட 'அவர்மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டது' என்பதே நம் வழக்கு. 'மலேசியாவுக்கு எதிரான ஆட்டம்' என்பதற்கு 'மலேசியாவுடன் ஆடிய ஆட்டம்' என்று எழுதலாம். விறுவிறுப்பு வேண்டுமென்றால் 'மலேசியாவுடன் மோதிய ஆட்டம்' என்று எழுதலாம்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் உறுத்துவது 'பெண்களுக்கு எதிரான வன்முறை' என்ற தொடர். எதிரே நிற்பது என்றால் இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அடிபடும் பெண் யாரோடும் எதிர்நிற்கவில்லை. அவள்மேல் ஒருவன் கொடுமையை இழைக்கிறான். 'பெண்களுக்கு இழைக்கும் கொடுமை', 'பெண்கள்மீது நடத்தும் வன்முறை' என்று எழுதினால் யார் செய்தவர், யார் பட்டவர் என்பது மறையாமல் இருக்கும். இந்த ஒரு தொடரையாவது நாம் எல்லாரும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

'எதிர்ப்பு', 'தடுப்பு', 'ஒழிப்பு' என்ற மூன்றையும் வேறுபடுத்துவதும் அவசியம். எதிர்ப்பு என்பது நாம் எடுக்கும் நிலைப்பாடு. தடுப்பு என்பது வராமல் முன்கூட்டிச் செய்யும் செயல். ஒழிப்பு என்பது இல்லாமல் ஆக்குவது. சிங்கப்பூரில் போதைப்பொருள் ஒழிப்பு, கொசு ஒழிப்பு, மோசடித் தடுப்பு, தடுப்பூசி என்று இவை பொருளறிந்து அமைந்திருக்கின்றன. இந்தி எதிர்ப்புப் போராட்டம் என்று 1937இலும் 1965இலும் தமிழ்நாட்டில் சொன்னார்கள். திணிப்பை ஏற்காத நிலைப்பாடு என்பதால் அங்கே எதிர்ப்பு என்பதே சரியான சொல். மோசடி எதிர்ப்பு என்று எழுதினால், மோசடியை நமக்குப் பிடிக்கவில்லை என்ற அளவில் அது நின்றுவிடுகிறது.

தோ பாயோவிலிருந்து ஒருவர் எழுதியது:

மலாய் மொழியில் ஒரு நெருக்கமான ஒப்புமை இருக்கிறது. 'தெந்தாங்' என்ற வேரிலிருந்து 'பெர்தெந்தாங் மாத்தா' என்று சொன்னால் கண்ணோடு கண் நோக்குவது. 'மெனெந்தாங்' என்று சொன்னால் எதிர்ப்பது. கண்ணோடு கண் நோக்குதலும் எதிர்த்தலும் நம் அண்டை மொழியிலும் ஒரே வேரில் நிற்கின்றன. சீனத்திலும் நேரெதிர் இருப்பதைக் குறிக்கும் 'துவெய்' என்ற எழுத்துதான் சரி என்பதற்கும் இணை என்பதற்கும் வருகிறது. எதிர்ப்பது, எதிராளி என்ற சொற்களிலும் அதுவே வருகிறது.

தெம்பனிஸ் தமிழாசிரியர் எழுதியது:

ஒற்றைப் பற்றிய கேள்வி பாக்கி இருக்கிறது. 'யரழ முன்னர்க் கசதப அல்வழி இயல்பும் மிகலும் ஆகும்' என்பது நன்னூல் விதி. ரகர மெய்யில் முடியும் 'எதிர்' என்பதன் முன் வல்லினம் வந்தால் இயல்பாகவும் இருக்கலாம், மிகவும் செய்யலாம். எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை 'எதிர்' அங்கே பெயராக நிற்கிறதா, வினையாக நிற்கிறதா என்று பார்த்துத் தெளியலாம். எதிர்க்கட்சி, எதிர்ப்பக்கம், எதிர்ச்சொல், எதிர்த்திசை, எதிர்க்காற்று ஆகியவற்றில் எதிர் என்பது பெயர், எதிராகிய கட்சி, எதிராகிய பக்கம் என்று விரியும், ஒற்று மிகும். எதிர்காலம் என்பதை எதிர்ந்த, எதிர்கின்ற, எதிரும் காலம் என்று விரிக்கலாம். இப்படி மூன்று காலத்துக்கும் விரிவது வினைத்தொகை; அதில் ஒற்று மிகாது. எதிர்பார், எதிர்கொள் என்பவற்றில் எதிர் வினையோடு ஒட்டி நடப்பதால் அங்கும் மிகாது. ஆகவே 'எதிர்கட்சி' என்று எழுதுவதும் 'எதிர்ப்பார்ப்பு' என்று எழுதுவதும் பிழை. என் மாணவர்கள் இரண்டையும் தவறாமல் எழுதுகிறார்கள்.

மிகும் ஒற்று பகையைக் காட்டுகிறது என்று சிலர் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. எதிர்த்திசையிலும் எதிர்ப்பக்கத்திலும் பகை எங்கே இருக்கிறது?

இன்னொன்று: எதிர்மறை என்பதை மாணவர்கள் 'கெட்டது' என்று பொருள்கொள்கிறார்கள். 'எதிர்மறை எண்ணம்' என்ற புதிய வழக்கால் வந்த வினை இது. இலக்கணத்தில் எதிர்மறை என்பது உடன்பாட்டின் மறுபக்கம் மட்டுமே. 'பொய் பேசான்' என்பதும் எதிர்மறைதான். மனம் தளர்ந்த எண்ணத்தைச் சொல்ல 'நம்பிக்கையற்ற எண்ணம்', 'தளர்வான எண்ணம்' என்று எழுதலாமே.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

ஆசிரியரின் விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் வீட்டுப் பேச்சையும் கணக்கில் எடுங்கள். 'எதிர்த்துப் பேசாதே' என்று பிள்ளைகளை அடக்கி வளர்த்தது நாம்தான். மாற்றுக் கருத்தைச் சொல்வதும் மரியாதை இல்லாமல் பேசுவதும் அந்த ஒரு தொடரில் ஒன்றாகிவிட்டன. பகைப்பொருள் மேடையிலிருந்து மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை.

ஈசூன் வாசகி எழுதியது:

நீங்கள் சொல்வது உண்மை. 'மறுத்துப் பேசு, மரியாதையாகப் பேசு' என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன; அவை பெருக வேண்டும். மறுப்பு என்பது கருத்தைப் பற்றியது, எதிர்ப்பு என்பது நிலையைப் பற்றியது, முரண்பாடு என்பது இரு கருத்துகளுக்கு இடையில் உள்ள பொருந்தாமை, கண்டனம் என்பது தவறு என்று கடிந்துரைப்பது. இந்த நான்கும் நம்மிடம் தனித்தனியே இருக்கும்போது, எல்லாவற்றையும் எதிர்ப்பு என்ற ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை.

எங்கள் குழுவின் அடுத்த அறிவிப்பில், பொங்கல் கொண்டாட்டத்தை வேறு நாளுக்கு மாற்றுவது பற்றிக் குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்கிறோம். 'எதிர்ப்புத் தெரிவிப்போர்' என்று முதல் வரைவில் இருந்த தொடரை, 'மாற்றத்தை ஏற்காதவர்கள் தங்கள் காரணத்தைத் தெரிவிக்கலாம்' என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன். எதிர்ப்பு என்று எழுதும் அளவுக்கு அங்கே யாரும் காலூன்றி நிற்கவில்லை. செங்காங் திருத்துநர் சொன்ன 'மோசடித் தடுப்பு' என்பதையும் அறிவிப்புப் பலகையில் ஒற்றோடு எழுதச் சொல்லியிருக்கிறேன்.